மனசாட்சிக்கு எதற்கு ஸ்டெதஸ்கோப்?

ஆடித் தபசுத் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவில், என் வீட்டுக் கூடம்.

பிற்பகல் 2.10: தொலைக்காட்சியில் ஒரு தமிழ்த் திரைப்படம் தொடங்கியது. பார்வையாளர் ஒருவர்.

2.50 (ஏறத்தாழ): பார்வையாளர் உறங்கினார்.

5.20: விழித்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது.

6.25: படம் முடிந்தது. சற்று நீளமான படம் என்று பார்வையாளர் கருதினார்.

மறுநாள் காலை 6.40: ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள சிமெண்ட் பெஞ்சில், இருவர் முன்னிலையில், மேற்படி படத்தைப் பற்றி அவர் கருத்துரைத்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். முதலில் நிகழ்ச்சிகளை நிரல்பட வையுங்கள், விளக்கம் பிறகு வரட்டும் என்று மாணவர்களை வற்புறுத்தியவன். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாத வரியை இரக்கமின்றி அடித்துவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். (அந்த விதியை என் மீதே செலுத்தினால், ஓய்வு பெற்ற பின் நான் பேசியவற்றில் மிஞ்சுவது தட்பவெப்பம் பற்றிய சில குறிப்புகள் மட்டுமே.)

அந்த இருவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒருவர் சண்முகையா. அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த உரிமையில் இன்றும் என்னை 'வே' என்று அழைப்பவர். மற்றவர் பீர் முகமது. விசைத்தறியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நடைப்பயிற்சிக்கு வருபவர். என்னைச் 'சார்வாள்' என்பார். நடை முடிந்ததும் எதிர்க்கடைக் காப்பி. திங்கட்கிழமைகளில் காப்பியோடு ஒரு கூடுதல் நிகழ்ச்சியும் உண்டு: ஞாயிறன்று வீட்டில் பார்த்த படம் பற்றி என் கருத்துரை.

உண்மை இதுதான். நான் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. சென்னையில் இருக்கும் மகள் உமா ஆறாண்டுகளுக்கு முன் எங்கள் தொலைக்காட்சியில் இணையத்தை இணைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி கோமதி படம் பார்க்க உட்காருவாள். (எங்கள் ஊரில் தெருவுக்கு நான்கு கோமதி, அம்மனின் பெயர்.) துணைக்கு நானும் சாய்வு நாற்காலியில் அமர்வேன். முதல் பாட்டுக்குள் உறங்கிவிடுவேன். திங்கட்கிழமை விடிந்ததும் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்றபடியே கதையையும் தன் தீர்ப்பையும் சொல்லி முடிப்பாள். அதை நான் பெஞ்சுக்கு எடுத்துச் செல்வேன்.

ஒருமுறை அவள் சொன்னது: "படம் முழுக்க வெள்ளைச் சட்டையோட சேத்துல உருளுதான். அடுத்த சீன்ல பளபளன்னு நிக்கான். அந்தச் சட்டையை யாரு தொவைக்கா? அதை ஒருத்தனும் காட்டலியே?"

அரை மணி நேரம் கழித்துப் பெஞ்சில் நான் சொன்னது: "நாயகனின் வீரத்தைத் தாங்கி நிற்கும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பை நம் சமூகக் கட்டமைப்பு மறைப்பது போலவே இப்படமும் மறைக்கிறது."

சண்முகையாவும் பீர் முகமதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காப்பி போடுவதற்கு முன்பே, கோமதிக்கு நெஞ்சு வலித்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். புதன்கிழமை திரும்பினோம். அதைப் பற்றி எழுத என்னிடம் வேறு சொற்கள் இல்லை.

அதன்பின் திங்கட்கிழமைகளில் யாரும் என்னிடம் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு மாதம் அந்த மரியாதை நீடித்தது. நாளாக ஆக அது என்னை உறுத்தியது. ஏன் கேட்கவில்லை? அவளோடு என் கருத்துகளும் போய்விட்டன என்று கண்டுகொண்டார்களோ? நான் பேசாமலே இருந்தால் அந்த ஐயம் உறுதியாகிவிடும். ஆறாண்டுகள் இரவல் சொற்களால் பேசியவன் என்று இந்த இருவருக்கும் தெரிந்துவிட்டால், அந்தப் பெஞ்சில் நான் எந்த முகத்தோடு உட்காருவது? எனவே தனியாக ஒரு படம் பார்த்து, சொந்தமாக ஒரு கருத்துச் சொல்வதென்று முடிவு செய்தேன். விளைவே மேலே கண்ட பதிவு.

"நேற்று ஒரு படம் பார்த்தேன்" என்று தொடங்கினேன்.

இருவரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். "சொல்லுங்க சார்வாள்" என்றார் பீர் முகமது, மிக மெதுவாக.

நான் உறங்கும்வரை படத்தில் பெரிய மீசை வைத்த ஒரு லாரி ஓட்டுநர் காணாமல் போன தங்கையைத் தேடிக்கொண்டிருந்தான். விழித்தபோது மீசையில்லாத ஒருவர், வெள்ளை அங்கியில், பெருநகர மருத்துவமனை ஒன்றில் நீதிக்காகப் போராடிக்கொண்டிருந்தார். அழுத பெண்ணும் வேறு முகமாக இருந்தாள். ஓர் ஐயம் எழத்தான் செய்தது. ஆனால் முனைவர் பட்டம் பெற்றவனுக்கு எந்த ஐயத்தையும் அடக்கிவிட ஒரு நொடி போதும்.

"இயக்குநரின் துணிவைப் பாராட்ட வேண்டும். துயரம் ஒரு மனிதனை அடியோடு மாற்றிவிடுகிறது என்பதை வசனத்தால் சொல்லாமல், நடிகரையே மாற்றிக் காட்டியிருக்கிறார்" என்றேன்.

பீர் முகமது தயங்கினார். "லாரிக்காரன் படந்தான சார்வாள்? எங்க வீட்டுல மருமக போட்டா, நானும் பாத்தேன். அவன் இடைவேளைக்கு முந்தியே மலைப்பாதையில உருண்டு செத்துப் போயிருவாம்லா?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வரலாறு நெடுகிலும் அறிவுடையோர் பின்வாங்கியிருக்கிறார்கள்.

"அது உடலின் மரணம்," என்றேன். "அதன்பின் வெள்ளை அங்கியில் வருவது அவனுடைய மனசாட்சி."

நிலையத்தில் ஒரு ரயில் வந்து, நின்று, புறப்பட்டது. பிறகு சண்முகையா கேட்டார்: "மனசாட்சிக்கு எதுக்குவே ஸ்டெதஸ்கோப்பு?"

நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவரே தொடர்ந்தார்:

"அது வேற படம்வே! டாக்டர் படம். போன வாரந்தான் நானும் வீட்டுக்காரி செல்லம்மாளும் பாத்தோம். நீரு நல்லாத் தூங்கிட்டீரு. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தன்னால ஓடிருக்கு."

பீர் முகமது அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. காப்பி அவருடைய வெள்ளைக் கைலியில் சிந்தியது. சண்முகையா பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சிரிப்பு ஓய்ந்ததும் நான் எழுந்து நின்றேன். (ஒப்புதல் வாக்குமூலத்தை உட்கார்ந்துகொண்டு கொடுக்க எனக்குப் பழக்கமில்லை.) "ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் இங்கே நான் பேசியவை எதுவும்..."

"மயினி சொன்னது," என்று முடித்தார் சண்முகையா. "தெரியும், உக்காரும்வே."

தெரியுமாம். ஞாயிறன்று படம் முடிந்த கையோடு, இருவரும் மயினி (அண்ணி) என்று அழைக்கும் கோமதி, சண்முகையாவின் மனைவி செல்லம்மாளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளாம்.

"ஞாயித்துக்கிழமை தோசை திங்கும்போதே எங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றார் சண்முகையா.

"நடந்து வாரப்ப இவரு என்கிட்ட சொல்லிருவாரு," என்றார் பீர் முகமது. "சட்டையை யாரு தொவைக்கான்னு மயினி கேட்டதை நீங்க எப்படி மாத்திச் சொல்லப் போறீகன்னு எங்களுக்குள்ள பந்தயம் சார்வாள். 'சமூகம்'னு வந்தா அன்னைக்கு என் காப்பி. 'கட்டமைப்பு'ன்னு வந்தா அவரு காப்பி. அன்னைக்கு ரெண்டும் வந்துட்டு. பெரிய தகராறு."

நான் கேட்க விரும்பியது ஒன்றுதான். "நான் இங்கே வந்து சொல்வது கோமதிக்குத் தெரியுமா?"

சண்முகையாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "தெரியாம என்னவே? செல்லம்மாகிட்ட மயினியே சொல்லிருக்கு. 'அவுகளுக்குப் பெஞ்சுல போயி பேச ஒண்ணு வேணும்லா? படத்துக்கு முழிச்சா இருக்காக? அதான் காப்பியோட சேத்துக் குடுத்துருதேன்'னு."

நான் உட்கார்ந்தேன்.

சண்முகையா தொடர்ந்தார்: "தை மாசம் அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமையும் மயினி போன் போட்டுருக்கு. படம் எப்படின்னு சொல்லிருக்கு. செல்லம்மா என்கிட்டகூட வாய் தொறக்கல. உமக்குத்தான் மொதல்ல சொல்லணுமாம். ஒருநா வந்து கேளும்."

தலையசைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில், லாரிக்காரனும் டாக்டரும் ஒன்றாகிப்போன அந்தப் படத்துக்கு 'அப்பா படம்' என்று பெயர். உமா வரும்போது ரசத்தில் பருப்பு கூடிப்போனால், "இடைவேளைக்கு அப்புறம் சாம்பார் ஆயிட்டுப்பா" என்கிறாள். பெஞ்சில் யாராவது நினைவு எங்கோ இருக்க உட்கார்ந்திருந்தால், "உடம்பு வரல, மனசாட்சி மட்டும் வந்துருக்கு" என்கிறார் பீர் முகமது. பெரும்பாலும் அது நானாகவே இருக்கிறேன்.

இதை எழுதும் மார்கழி வரை செய்யாமல் எஞ்சியிருப்பவை:

ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்துதல். (உமா தொலைபேசியில் மூன்று முறை விளக்கிவிட்டாள்.)

லாரி ஓட்டுநரின் மரணத்தை விழித்திருந்து பார்த்தல்.

வெள்ளைச் சட்டைகள் நான்கைத் துவைத்தல்.

செல்லம்மாள் வீட்டுக்குப் போய், அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் எப்படி இருந்ததென்று கோமதி சொன்னாள் எனக் கேட்டல். (இருமுறை தெருமுனை வரை சென்றேன். அவள் சொன்னதில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கட்டும் என்று திரும்பிவிட்டேன்.)