பார்க்காமலே காரணம் சொல்பவர்

உலகத்தில் எந்தப் பொருள் பழுதானாலும் அதன் பக்கத்தில் ஒருவர் முளைத்துவிடுவார். நீங்கள் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். நியூசிலாந்தின் ஒக்லாந்தில், பிளாட் புஷ்ஷில் உங்கள் வீட்டு வாசலில் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பொனட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு, நாலு வீடு தள்ளியிருந்து, கையைப் பின்னால் கட்டி, செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ம்ம்ம்" என்பார். அவ்வளவுதான். காரணம் முடிவாகிவிட்டது. கார் இன்னும் தன் தரப்பைச் சொல்லத் தொடங்கவே இல்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். "என்ன நடந்தது?" என்று அவர் கேட்கவே மாட்டார். "ஆர் கடைசியாத் தொட்டது?" என்றுதான் கேட்பார். சொன்ன காரணம் பொய்த்துப் போனால் வெட்கப்படுவாரா? எதற்கு? வேறு யாராவது சரியான காரணத்தைக் கண்டுபிடித்ததும், "அதைத்தானே நானும் சொன்னனான்" என்பார். சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால், சொல்லியிருப்பாரோ என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

நாம் உற்றுப் பார்க்கப்போகும் ஆள் யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதன். ஈஸ்ட் டாமாக்கியில், அரசாங்க அனுமதியோடு கஞ்சா இலையிலிருந்து மருந்து எண்ணெய் எடுத்துச் சோதிக்கும் ஒரு சின்னக் கம்பனியில் வேலை. 2019இல் அது புதுத் தொழில். கல்யாண வீடுகளில் யாராவது "என்ன கொம்பனி?" என்று கேட்டால் "மூலிகை" என்பார். அவர் மனைவி இராசமலர் இன்னும் சுருக்கமாக, "ஒயில்" என்று சொல்லிவிட்டு வடையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அங்கே சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது தனக்குத்தான் என்று கதிர்காமநாதன் இராசமலரிடமும், இராசமலர் பிளாட் புஷ் முழுவதிலும் சொல்லியாகிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் வடிகுழாய் அடைத்துக்கொண்டது.

வடிகுழாய் என்பது வேறொன்றுமில்லை, ஆள் உயர உருக்குக் குழாய். குளிரவைத்துத் திரவமாக்கிய காஸ் இலையிலுள்ள எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வரும். குழாய்க்குள் ஒரு வெள்ளைத் தூள் நிரப்பியிருக்கும். பச்சையும் மெழுகும் அந்தத் தூளில் தங்கிவிட, அடியில் பொன்னிறமாக எண்ணெய் இறங்கும். இறங்க வேண்டும். அன்று காலை, சளி பிடித்தவன் மூக்குப் போலச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இண்டைக்குப் பின்னேரம் குரியர் வாறான்," என்றார் மனேஜர் பேர்ணடெட். மன்னார்க்காரி, குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைப்பவர். "சாம்பிள் போகோணும் அண்ணை. இத ஆர் சரியாக் கையாளுறீங்களோ, அவருக்குத்தான் அந்த சூப்பர்வைசர் வேலை."

கதிர்காமநாதன் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று தலையைச் சாய்த்தார். "ம்ம்ம். ஆர் கடைசியாத் தொட்டது?"

"நான்தான் அங்கிள்," என்றான் நவின். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவன், அதே வேலைக்கு விண்ணப்பித்த மற்ற ஆள். "ஆனா நான் ஒன்னும் பண்ணல லா."

"காஸுக்குக் குளிர் காணாது தம்பி."

"மீட்டர்ல சரியாத்தான் காட்டுது அங்கிள்."

"அப்ப மீட்டர் பிழை."

மீட்டரைச் சோதித்தார்கள். சரியாக இருந்தது.

"இலை சரியில்லை."

"போன வாரம் ஓட்டுன அதே இலைதானே?"

"போன கிழமையும் சரியில்லை. நீங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்லை."

"அங்கிள், போன வாரம் நல்லா வந்துச்சு."

"அப்ப ஈரம். இந்த ஒக்லாந்து ஈரம் இருக்கே..."

"மூடின இரும்புக் குழாய்க்குள்ள எப்படி அங்கிள் ஈரம் போகும்?"

"ஈரம் எங்கயும் போகும். என்ர வீட்டு அலுமாரியை வந்து பார்."

ஸ்மோக்கோ என்கிற தேத்தண்ணி இடைவேளையில், எவர்சில்வர் பேணியில் தேத்தண்ணியோடு வெளியே கார்களுக்கு நடுவே போய் நின்று, ஹென்டர்சனிலிருக்கும் மைத்துனர் மகேசனுக்குப் போன் போட்டார். மகேசன் குழாய் திருத்துபவர், அதே இனத்தின் மேற்கு ஒக்லாந்துக் கிளை.

"வாஷர் போயிட்டுது," என்றார் மகேசன்.

"நான் இன்னும் என்ன எண்டே சொல்லேல்லையே, அத்தான்?"

"சொல்லத் தேவையில்லை. வாஷர்."

மகேசனுக்கு எல்லாமே வாஷர்தான். மகன் பரீட்சையில் கோட்டை விட்டபோதுகூட முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். ஆனாலும் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போனபின் வேறென்ன வேண்டும்? எண்ணெய் வழியும் அடிக்குழாயின் வாஷரை மாற்றினார்கள். குழாய் நன்றியோடு இரண்டு சொட்டு கூடுதலாக விட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

மதியச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. "காஸை முழுக்க வெளியேற்றிப்போட்டுத் திறவுங்கோ," என்றார் பேர்ணடெட். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது கதிர்காமநாதனுக்கு அவ்வளவு உவப்பான வழியல்ல. அது கெட்டித்தனத்துக்கு அவமானம். ஆனால் மனேஜர் சொல்லிவிட்டார்.

திறந்தார்கள். தூள் கொட்டவில்லை. சரித்தார்கள், அப்போதும் கொட்டவில்லை. கடைசியில் ஒரு தடியால் தள்ள, வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, நீளமாக, முழுசாக வந்து தட்டில் விழுந்தது.

"அங்கிள்," என்றான் நவின் பக்தியோடு, "புட்டு!"

புட்டேதான். ஆனால் எறிந்தால் மண்டை உடையும் புட்டு. இராசமலர் குழலில் மாவைக் கொஞ்சம் அழுத்தினாலே, "இறுக்கினா ஆவி எங்கால போறது?" என்று குசினி வாசலில் நின்று பாடம் நடத்துகிறவர் கதிர்காமநாதன். அவர் இப்போது தட்டிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"ஆர் தூள் கூடப் போட்டது?" என்றார் பேர்ணடெட்.

"நான் ஒரு கரண்டி எக்ஸ்ட்ரா போட்டேன் மேடம்," என்றான் நவின். "அங்கிள் கம்மியாப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன். சாரி."

பேர்ணடெட் கூரையைப் பார்த்தார். பிறகு இருமினார். "நானும் ஒரு கரண்டி போட்டனான். நீங்கள் ரெண்டு பேரும் ஒழுங்காச் செய்யமாட்டியள் எண்டு."

இருவரும் கதிர்காமநாதனைப் பார்த்தார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்? 'நானும்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சூப்பர்வைசர் வேலை இருந்தது, பிளாட் புஷ் இருந்தது. அவர் தலையைச் சாய்த்தார்.

"அதைத்தானே நானும் சொன்னனான். தூள் கூட."

பேர்ணடெட் குனிந்து புட்டின் மேல் நுனியைப் பார்த்தார். எல்லாக் கரண்டியும் போட்டு முடிந்தபின், கடைசியாக யாரோ வட்டமான ஒன்றால் இடித்து இறுக்கியிருந்தார்கள். வட்டத்தின் நடுவே, புள்ளி புள்ளியாக, இடம் வலம் மாறி, இரண்டு தமிழ் எழுத்துகள் புடைத்து நின்றன. கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நம் வழக்கமல்லவா? கதிர்காமநாதனின் கல்யாணப் பேணிகளிலும் வெட்டியிருந்தார்கள். அடியில்.

"அண்ணை, உங்கட பேணியை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் காட்டினார். க. இ. கதிர்காமநாதன், இராசமலர்.

"ஆரோ என்ர பேணியை எடுத்துப் பாவிச்சிருக்கினம்," என்றார்.

நவின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் மட்டும் குலுங்கின.

புதுத் தூளைக் குழாயின் அளவுக் கோடு வரைக்கும் மட்டும், அழுத்தாமல், மூன்று பேரும் ஒருவரையொருவர் கண்காணித்தபடி நிரப்பினார்கள். பொன்னிறமாக எண்ணெய் இறங்கியது. குரியர்காரன் வந்தான், சாம்பிள் போனது. அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசர் வேலை நவினுக்குப் போனது. ஏன் என்று பேர்ணடெட் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கதிர்காமநாதன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே இராசமலரிடம் மூன்று காரணங்கள் சொல்லிவிட்டார். நவினுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் ஸ்டைல். மனேஜருக்கு யாழ்ப்பாணத்தார் என்றால் ஆகாது. மூன்றாவது, வயது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவருக்கு வேலை கிடைக்காமல் போனதற்கு உண்மையான காரணம் உங்களுக்குத் தெரியும், இல்லையா? பேர்ணடெட் எதுவும் சொல்லாமலே தெரியும். சந்தேகமே இல்லாமல் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பேர்ணடெட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உங்கள் தலை எப்போது அப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது?