ராஜப்பா மேஸ்திரியின் கால்மிதி நாற்காலி

ஆள் விட்டுச் செய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. விரதமிருக்க ஆள் விடுவார், மொட்டை போட ஆள் விடுவார், இழவு வீட்டில் மாரடித்து அழவும் ஆள் விடுவார். பந்திக்கு மட்டும் நேரில் வருவார்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கடப்பாரை ஒன்றோடு கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸுக்கு வந்தவன், இன்று ஓட்டு வீடும் இரண்டு கறவை மாடுமாக இருக்கிறேன். பி.ஏ. படித்தவர் கண்ணில் படாததெல்லாம் என் கண்ணில் படும். இந்த இனத்துக்கே ராஜா எங்கள் ராஜப்பா மேஸ்திரிதான் என்று கண்டுபிடித்ததும் நான்தான், வேறு யார்?

மேஸ்திரிக்கு ஒரு நாள் நெஞ்சு அடைத்தது, கால் வீங்கிற்று, நாலடி நடந்தால் மூச்சு வாங்கிற்று. ரத்தம் சோம்பிக் கிடக்கிறது, கால் ஆடினால் ஓடும் என்று டாக்டர் துரை சொல்லி, சீமையிலிருந்து வந்த நாற்காலி ஒன்றை வீட்டுக்கே அனுப்பினார். அடியில் இரண்டு மிதிப்பலகை, பக்கத்தில் ஒரு சக்கரம். சக்கரத்தை ஒருவன் சுற்றினால் உட்கார்ந்தவர் கால் தானாக ஏறி இறங்கும்.

கம்பவுண்டர் கொர்னேலியஸ் விளக்கினார்: "முதல்ல ஆளு சுத்துவான், மேஸ்திரி. போகப் போக நீங்களே மிதிக்கணும். மாசக் கடைசியில தொரை வருவாரு. மூச்சு வாங்காம சொரங்க வாய் ஷாஃப்ட் வரைக்கும் நடந்தாத்தான் கேஜுக் கூண்டுல உள்ள எறங்க உத்தரவு. இல்லன்னா மேஸ்திரி வேலை வேற ஆளுக்கு."

சக்கரம் சுற்றத் தசரதன் வந்தான். மேஸ்திரியின் கீழ் பாறை உடைக்கிறவன். முதல் நாளே மேஸ்திரிக்குப் பாதம் கூசியது. இறங்கிக்கொண்டார்.

"டேய், நீயே ஏறி மிதி."

"எனக்கு நெஞ்சு நல்லாத்தான் கீது, மேஸ்திரி!"

"பாறை ஒடைக்கிறது யாரு?"

"நாங்க."

"பேரு யாருக்கு?"

"உங்களுக்கு."

"அப்புறம் இன்னா? மிதி!"

இதில் எங்கே பிழை? சுரங்கத்தில் இத்தனை வருஷம் செல்லுபடியான கணக்கு நெஞ்சுக்கு மட்டும் ஆகாதா? தசரதன் மிதிக்க மிதிக்க, மேஸ்திரி கட்டிலில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, களைப்புத் தீர முட்டை கலந்த பாலும் குடித்து, "இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே மிதிச்சுட்டேன்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முனகுவார். தசரதனுக்குத் தொடை உரலாயிற்று. மேஸ்திரிக்குத் தொப்பை.

"காலு உங்களுது, மிதிக்கிறது அவன். இது இன்னாங்க கூத்து?" என்றாள் மனைவி ரத்தினம்மா.

"உனக்குச் சொரங்கத்து வழக்கம் தெரியாது, போ!"

மாசக் கடைசியில் துரை வந்தார், நடக்கச் சொன்னார். மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு, "டேய் தசரதா, நடந்து காட்டு!" என்றார்.

தசரதன் ஷாஃப்ட் வரைக்கும் ஓடியே போய், ஓடியே திரும்பினான். துரை அவன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். மேஸ்திரியின் மார்பிலும் வைத்துக் கேட்டார். பிறகு கொர்னேலியஸ் காதில் ஏதோ சொன்னார்.

"உத்தரவு கெடைச்சுடுச்சு, மேஸ்திரி," என்றார் கொர்னேலியஸ். "அந்த நெஞ்சு எறங்கலாம். நாளையிலேர்ந்து மேஸ்திரி வேலையும் அந்த நெஞ்சுக்குத்தான்."

வீட்டுக்கு வந்தால் அடுப்பு எரியவில்லை.

"சோறு எங்கே?"

"தசரதன் வூட்ல," என்றாள் ரத்தினம்மா. "உங்களுக்காக அவனே துன்னுக்கட்டும்."

முதல் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த நாற்காலி மேஸ்திரியின் சொந்தக் கால்களைப் பார்த்தது. சக்கரத்தைச் சுற்றியது ரத்தினம்மா. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியும் அவள் நிறுத்தவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது: இதை நீங்களே வாசிக்கிறீர்களா? இல்லை, கண் வலிக்கிறது என்று பக்கத்திலிருப்பவரை வாசிக்க விட்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறீர்களா?