சேஸிஸ் பார்க்கச் சொன்ன மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். மற்றபடி உங்கள் தங்கை என்னுடன் பேசுவதில்லை, மகள் போனை எடுப்பதில்லை, என் முதுகில் ஒரு போல்ட்டின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்கள் என்றைக்குமே சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

உங்கள் தங்கையின் நாற்றுப்பண்ணைக்கு ஒரு பிக்கப் வண்டி வேண்டியிருந்ததும், நம் சம்பந்தி தம்முடைய பிக்கப்பைத் தருவதாகச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். போன் போட்டு, “மாப்ள, பழைய பிக்கப்புன்னா மொதல்ல சேஸிஸைப் பாருங்க. கல்லு மேடுன்னு காட்டுல ஏத்தி இறக்கியிருந்தா அது வளைஞ்சிருக்கும். ரோட்டுல நேராப் போற மாதிரிதான் இருக்கும். மலையிறக்கத்துல பிரேக்கு அடிச்சாத்தான் எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரியும்” என்றீர்கள். உங்கள் தங்கைதான் அந்த மலையிறக்கத்தில் ஓட்டப்போகிறவள், பின்னால் செடிகளோடு இரண்டு ஆட்கள் வேறு. நீங்கள் போனை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டீர்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. சம்பந்தியிடம் நேராகக் கேட்டால் அவர் மார்பில் கையை வைத்து, “தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் இறங்கினதில்ல சம்பந்தி” என்கிறார். அதற்குப் பிறகும் அவர் கண்ணெதிரே வண்டிக்கு அடியில் படுப்பதும், அவர் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்ப்பதும் ஒன்றுதானே?

ஆகவே ரகசியமாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சம்பந்தி வண்டியைக் காட்டுவதற்காக வந்தார். உங்கள் தங்கை அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, டீயும் கையில் கொடுத்து, உரம் பற்றிப் பேச ஆரம்பித்தாள். உரம் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் எழுந்து போன மனிதர் இதுவரை இல்லை. அந்த நேரத்தில் பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே விட்டேன். அவருக்கு ‘டார்ச்சு’ என்று பெயர். டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார், பாதி புரியாது. சம்பந்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு “யாரது?” என்று கேட்க, நான் பதறிப்போய், “குழாய் ரிப்பேருக்கு வந்தவர்” என்று சொல்லித் தொலைத்தேன். குழாய் ரிப்பேர்காரர் வண்டிக்கு அடியில் ஏன் நுழைகிறார் என்று அவர் அடுத்துக் கேட்பதற்குள் உங்கள் தங்கை மண்புழு உரத்துக்குத் தாவிவிட்டாள்.

முறை இதுதான், மச்சான். சேஸிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். இடது சட்டத்தில் எங்கே துளை இருக்கிறதோ, வலதிலும் அதே இடத்தில் இருக்கும். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடித் துளைகளிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். அப்புறம் வண்டியை நகர்த்திவிட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நூலும் ஒரே நீளமென்றால் சட்டம் நேர். இல்லையென்றால் வண்டி எங்கேயோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச்சுக்குத் தொப்பை இடித்ததால் முன்பக்கம் நான் நுழைய வேண்டியதாயிற்று. மூன்று புள்ளி வைத்தாகிவிட்டது. நான்காவதற்குப் புரண்டபோது சட்டை ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் என் மூக்குக்குப் பக்கத்தில் சம்பந்தியின் செருப்பு தெரிந்தது; மண்புழு உரத்தையும் மீறி எழுந்து வந்துவிட்டார்.

கதவு திறந்தது. வண்டி என் மேல் லேசாக அமுங்கியது. “திருப்பி நிறுத்திட்டா போறப்போ வசதி” என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டது கேட்டது. இன்ஜின் உறுமியது. மச்சான், கத்தினால் குட்டு உடைந்துவிடும், கத்தாவிட்டால் விலா உடைந்துவிடும். இரண்டில் எது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை யோசிக்கவில்லை. வாசலிலிருந்து பாய்ந்து வந்து பானெட்டில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

“சம்பந்தி, நிறுத்துங்க! அடியில பூனை!”

இன்ஜின் நின்றது. பூனை என்றால் சம்பந்திக்கு உயிர். கீழே இறங்கி, மண்டியிட்டு, “எங்கேம்மா, பாவம், குட்டி போட்டிருக்கா?” என்று குனிந்து பார்த்தார். அந்தப் பூனைக்கு வழுக்கை விழுந்திருந்தது, கையில் சாக்பீஸ் இருந்தது.

சட்டையைப் போல்ட்டிலிருந்து கழற்றி என்னை வெளியே இழுத்தவரே அவர்தான். “என் வார்த்தைய நம்பலையா சம்பந்தி?” என்றார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். மன்னிக்கவும், அந்த நேரத்தில் வேறு யார் பெயரும் வாயில் வரவில்லை. “சரி, அளந்து பாருங்க. என் கண்ணு முன்னாடியே அளங்க” என்று, நான் நான்காவது புள்ளியையும் வைத்து முடித்ததும், வண்டியைத் தாமே பின்னுக்கு எடுத்தார். தரையில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். டார்ச்சு ஒரு முனை, நான் ஒரு முனை. முதல் நூல் பிடித்தோம். அதே நூலை அடுத்த ஜோடி மூலைக்கு மாற்றினோம். நூல் இரண்டு விரல் அகலம் மிஞ்சித் தொங்கிற்று.

சம்பந்தியின் முகம் வெளுத்துவிட்டது. கவிழ்த்துவைத்திருந்த ஒரு பூந்தொட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். “பொய்தான் சொன்னேன். வண்டி ஆத்துப் படுகையில எறங்கியிருக்கு. பாறை மேலயும் ஏறியிருக்கு. ஆனா ஓட்டினது நானில்ல.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “மாப்பிள்ளைக்கு இதே பொழப்பா? என் பொண்ணையும் பக்கத்துல உக்காத்தி வெச்சு...” என்று நான் கத்தக் கத்த, அவர் பொறுமையாகக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவன் ரிவர்ஸ் எடுக்கவே பயப்படுவான் சம்பந்தி. ஓட்டினது உங்க பொண்ணு.”

சைக்கிளில் சரிவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று நான் சொல்லி வளர்த்த பெண்! “அப்பாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவார்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. அதான் மறைச்சேன்” என்றார். உங்கள் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நீங்க கூடப் போவீங்களா?” சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு, “மொத தடவை கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அடுத்த தடவை நான்தான் போலாம்னு கூப்பிட்டேன்” என்றார். மச்சான், எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வளைந்த சேஸிஸில் உங்கள் தங்கையை ஏற்றமாட்டேன் என்றும், மகள் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றும் உறுதியாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் கேட்டுக்கொண்டு அவரவர் பக்கம் போய்விட்டார்கள். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, நான் சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஆரம்பித்துவைத்தவர் நீங்கள்தான்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும். வண்டிக்கு அடியில் உருண்டுபோன பந்தைக் குச்சியால் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (இன்னமும்)

பி.கு.: உறையை ஒட்டுமுன் டார்ச்சு வந்தார். மனசு கேட்காமல் சம்பந்தி வீட்டுக்குப் போய், தனியாக மறுபடி அளந்தாராம். சேஸிஸ் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒரு துளையும் இடப்பக்கத்தில் அதற்கு அடுத்த துளையுமாகக் குண்டைத் தொங்கவிட்டது நான்தான். பாவம், சம்பந்தி சொல்லத் தேவையே இல்லாத உண்மையைச் சொல்லிவிட்டார். உங்கள் தங்கை அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். நீங்கள் வர வேண்டாம்; வந்தால் உட்கார இடமில்லை. வாசலில் ஹாரன் அடிக்கிறது. ஓட்டுகிற இடத்தில் மகள், பக்கத்தில் உங்கள் தங்கை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி. “ஏறுப்பா, ஆத்துல தண்ணி வடிஞ்சிருச்சு” என்கிறாள். ஏறப்போகிறேன்.