கல்யாணப் புடவையில் ஊதிய ஊது

பாகாலா,
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி லோகேஸ்வரனுக்கு, உன் அக்கா புருஷன் கன்னையா ஆசி கூறி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வேனும் சுகம். உன் அக்கா ரத்னம்மா சுகமா என்று கேட்டு எழுதலாமென்றால், அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி நாலு நாளாகிறது. நாயுடுபேட்டையில் உன் வேலையும் உடம்பும் நலம்தானே?

என் போனை அவள் பிடுங்கி வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம். போன மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வேண்டுதலுக்காக மீசையை எடுத்து, மஞ்சள் பூசி, உன் அக்காவின் கல்யாணப் புடவையைக் கட்டிப் பொம்பளை வேஷம் போட்டேனே, கொசுவம் மடித்துவிட்டவனே நீதான். நீ ரயிலுக்குப் போன பிறகு சினேகிதர்கள் நாலு பேர், "இன்னா கன்னையா, அம்மாடியோ, மகாலட்சுமி மாதிரி கீறியே, ஒரு கிளாஸ் அடி" என்றார்கள். ஒரு கிளாஸ்தான் என்று ஆரம்பித்தேன். எத்தனையில் முடித்தேன் என்பது அந்தக் கங்கம்மாவுக்கே வெளிச்சம். மத்தியானம் மூணு மணிக்குக் காலி வேனை எடுத்துக்கினு கிளம்பினால், சந்திரகிரி தாண்டியதும் போலீஸ் செக்கிங். "அம்மா, லைசென்ஸ் இவ்வண்டி" என்று தெலுங்கில் 'கொடுங்க' போட்டுக் கேட்டார் ஒருத்தர். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு போலீஸ்காரராவது என்னை மரியாதையாகக் கூப்பிட்டதுண்டா? அதைக் கெடுப்பானேன் என்று வாயைத் திறக்காமல், புடவைக்குப் பாக்கெட் இல்லாததால் என் லைசென்ஸைப் போட்டு வைத்திருந்த உன் அக்காவின் கைப்பையில் கைவிட்டு, அகப்பட்ட கார்டை எடுத்து நீட்டினேன். மெஷினில் ஊதச் சொன்னார்கள், ஊதினேன், அது கத்தின கத்தலில் ரோட்டோரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஸ்டேஷனில் உட்கார வைத்து, போட்டோ எடுத்து, கார்டை வாங்கி வைத்துக்கினு, டீ கொடுத்து, வேறு டிரைவரை வரவழைத்து அனுப்பினார்கள்.

நாலு நாளைக்கு முன்னே சம்மன் வந்தது. பிரித்தால், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் பெயர்: ரத்னம்மா! இவளுக்கு ஏது லைசென்ஸ்? அப்போதுதான் குட்டு உடைந்தது. தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு மூணு மாசமாக டிரைவிங் கிளாஸுக்குப் போய்க்கினு இருந்திருக்கிறாள். ஒரு மாதமாக வீடு பூரா அவள் தேடிக்கினு இருந்ததும் அந்தக் கார்டைத்தான்.

"மோர் குடிச்சாலே எனக்குத் தும்மல் வரும், என்னைப் போய்க் குடிகாரி ஆக்கிட்டியேய்யா!" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கி, "உனுக்குச் சக்கரை ஏறிக்கினே போவுது. நாளைக்கு உன்னால முடியலைன்னா வேனை யார் ஓட்டறது? அதுக்குத்தான்யா கத்துக்கினேன்" என்றாள். லோகு, நான் அழுதுவிட்டேன்.

வக்கீலோ, "வாயை மூடிக்கினு இரு. அந்தம்மா லைசென்ஸ் ஆறு மாசம் போவட்டும், உன் பொழப்பு நடக்கும்" என்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து சோறு துன்ன முடியலை, தூக்கமும் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போகிறேன். புடவைக்குள் இருந்தது நான்தான் என்பதற்கு நீயே சாட்சி. உன் அக்கா இப்போதுதான் கத்துக்கினவள்; எனக்குத் தடை விழுந்தால் பாகாலா-திருப்பதி வேனை ஓட்ட நம்ம குடும்பத்தில் உன்னை விட்டால் யாரும் இல்லை. ஆறு மாசம் லீவு போட்டு உடனே புறப்பட்டு வா.

வெங்கடேசப் பெருமாளும், என்னை மாட்டிவிட்ட கங்கம்மாவும் உன்னை நல்லா வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா கன்னையா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கோர்ட் முடிந்தே ஒரு வாரமாகி, இன்று சனிக்கிழமை. நீ வர வேண்டாம், லீவும் போட வேண்டாம். போலீஸ் எடுத்த போட்டோவில் புடவைக்கு வெளியே தெரிந்த என் முடி முளைத்த கையே சாட்சி சொல்லிவிட்டது. ஜட்ஜம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு அபராதமும் ஆறு மாசத் தடையும் போட்டு, உன் அக்காவின் கார்டை அவள் கையில் கொடுத்தார். வேனை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். நான் கதவோரம் நின்று, "சந்திரகிரி, திருப்பதி!" என்று கூவிக்கினு போகிறேன். பள்ளத்தில் வண்டி குலுங்கவே இல்லை என்று எல்லாரும் அவளைப் புகழ்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு கஷ்டம்தான். தினமும் காலையில் வேனில் ஏறுவதற்கு முன் என்னைப் பிடித்து நிறுத்தி, மூக்கை நீட்டிக்கினு, "ஊது" என்கிறாள்.