கேலன் கவுண்டரும் ஒரு கூடை மாம்பழமும்

உலகத்தில் கார் வாங்கிய எல்லாரும் எங்கேயாவது போய்ச் சேர்வதற்காகத்தான் வாங்கியிருப்பார்கள். பெட்ரோலைச் செலவழிக்காமல் இருப்பதற்கென்றே கார் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் நாமக்கல் கேலன் கவுண்டர்தான். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது இவருக்கு விற்றுவிட்டுப் போன பேபி கார் அது. கவுண்டர் ஆறடி ஆள். உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். துரை சும்மா போயிருக்கலாம். "ஒரு கேலன் பெட்ரோலில் நாமக்கல்லிலிருந்து சேலம் போய்த் திரும்பிவிடலாம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டுப் போனார். கவுண்டர் இதைக் காப்பி கிளப்பில் வந்து சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"பழைய வண்டிய உங்க தலையில கட்டிப்போட்டானுங்க" என்றார் கிளப்காரர்.

"வண்டியே பதில் சொல்லட்டுமுங்க" என்று எழுந்தார் கவுண்டர்.

அன்று பிடித்தது பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளப் வாசலில் டாங்கியைக் காலி செய்து, பத்துப் பேர் பார்க்க ஒரு கேலன் அளந்து ஊற்றிக்கொண்டு புறப்படுவார். திரும்பி வருகையில் கார் எங்கேயாவது மூச்சை விட்டுவிடும். மாடு கட்டி இழுத்து வருவார்கள். ஆனால் வாரத்துக்கு வாரம் அது நிற்கும் இடம் ஊருக்குக் கொஞ்சம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

கூடவே போய்ப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் கிளப்காரர் நம்பமாட்டார். சாட்சி கனமாக இருந்தால் வண்டி தாங்காது. ஆகவே தம்முடைய கடலைக்காய் மண்டித் தராசில் ஊரில் பாதிப் பேரை ஏற்றி நிறுத்துப் பார்த்தார். நான் அப்போது தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. எலும்பும் தோலுமாக இருப்பேன். நான் தட்டில் உட்கார்ந்ததும் கவுண்டர் முகத்தில் வந்த மகிழ்ச்சி, என் கல்யாணத்தன்று என் மாமனார் முகத்தில்கூட வரவில்லை.

"சாமி, ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு இட்டிலிக்கு மேல தின்னுப்போடாதீங்க" என்பதுதான் எனக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அவர் கார் ஓட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுவார். சத்தமே இல்லாமல் கார் போகும். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற வரையில் ஆட்டுக்குக்கூடத் தெரியாது. "ஓரம், ஓரம் சாமியோவ்!" என்று கவுண்டர் தொண்டை கிழியக் கத்துவார். ஏற்றம் வந்தால் நான் இறங்கி ஓட வேண்டும். பிரேக்கை மட்டும் தொடவே மாட்டார்.

ஒருமுறை மல்லூர்ச் சந்தைக் கூட்டத்தைப் பார்த்து நான் அலறினேன். "பிரேக் போடுங்க!"

"பெட்ரோல் ஊத்திச் சேத்த வேகமுங்க இது. இதப் போயிக் கால்ல மிதிக்கறதா?" என்றார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நாங்கள் எப்படிப் புகுந்து வெளியே வந்தோம் என்பது அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். அப்போது என் மனைவி ஆறு மாதம். சேலத்து மாம்பழம் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டாள். செவ்வாய்ப்பேட்டையில் கவுண்டர் ஒரு மர நிழலில் எஞ்சினை ஆறவிட்டுக்கொண்டிருந்தபோது, நான் நைசாகப் போய் ஒரு கூடை மாம்பழம் வாங்கி, பின் சீட்டுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. புதன்சந்தை தாண்டியும் கார் ஓடியது. நாமக்கல் மலை தெரிந்தது. கிளப் வாசலில் ஆட்கள் எழுந்து நிற்பதும் தெரிந்தது. கவுண்டர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். கூப்பிடு தூரம்தான் பாக்கி. கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

கவுண்டர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தட்டினார். பின்னால் குனிந்தவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னுங்க இது?"

"மாம்பழமுங்க. ஊட்ல மாசமா இருக்குதுங்க. கேட்டுச்சுங்க. அதான்..."

அதற்குள் கிளப்காரர் வாய்மேல் கையைக் குவித்துக் கூவினார். "என்னுங்க கவுண்டரே, நின்னுபோச்சுங்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எதிர்காத்துங்க!" என்று கத்தினார் கவுண்டர். ஓர் இலை அசையவில்லை. தம் தோள் துண்டை எடுத்து மாம்பழத்தின் மேல் போட்டு மூடினார்.

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாசமா இருக்கற புள்ள கேட்டத உட்டுப்போட்டு வந்து ஜெயிச்சா, அது ஒரு ஜெயிப்புங்களா? அடுத்த வாரம் கூடையோடவே போறோம். கூடையோடதான் கணக்கு."

அப்படியே போனோம். கனத்தைக் குறைக்க அவர் ஸ்டெப்னியைக் கழற்றினார், பின் சீட்டைக் கழற்றினார், கடைசியில் காதுக் கடுக்கனைக்கூடக் கழற்றி மண்டியில் வைத்துவிட்டு வந்தார். கூடையை மட்டும் குறைக்கவில்லை. பழத்தை அவரே பொறுக்கினார். பெரிதாகப் பார்த்துத்தான் பொறுக்குவார். "நான் பஸ்ஸுல கொண்டாந்துக்கறனுங்க" என்றதற்கு, "பஸ்ஸுல நசுங்கிப்போயிரும், பேசாம ஏறுங்க சாமி" என்று அதட்டினார். ஆறு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு தடவையும் கிளப் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து நின்றோம். ஆறு தடவையும் காற்றின் மேல்தான் பழியைப் போட்டார்.

மாம்பழப் பருவம் முடிந்தது. எனக்குப் பெண் பிறந்தாள். யுத்தத்தினால் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, காரை மண்டிக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். கவுண்டர் அப்புறம் அதை ஓட்டவே இல்லை.

ஒரே ஒரு வாரம் கூடையை இறக்கி வைத்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். அது அவருக்கும் தெரியும். எனக்காக இத்தனை பிடிவாதமாகத் தோற்ற மனிதர் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை.