கிழக்கு பார்த்த கப்பல் பட்டறை

மயிலம் முருகன் மேல் ஆணை, பெருமுக்கல் மலை மேல் ஆணை, நான் இன்றைக்குச் சாப்பிடப்போகிற சோற்றின் மேல் ஆணை: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யாயிருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லும் இந்த இடத்திலேயே உதிர்ந்து விழட்டும். விழவில்லை, பார்த்தீர்களா? அப்புறம் என்ன, கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்த சங்கதி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவர் சக்கரபாணி. அவர் விசில் ஊதினால் திண்டிவனத்தில் நிற்கிற பஸ் மட்டுமல்ல, செங்கல்பட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிற டிரைவரும் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். நாள் முழுக்க கண்டக்டர்கள் "அண்ணே, இன்னும் ரெண்டே நிமிஷம்ணே" என்று கெஞ்சுவார்கள். நாள் முழுக்க இவர் "முடியாது" என்பார். சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிப்போனது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராக ஒன்று சொன்ன பிறகுதான் அவருக்கு அடுத்த மூச்சே வரும். மழை வரும்போல இருக்கு என்றால், வராது. வராது போல என்றால், எடு குடையை.

இந்த நாக்கோடு குடித்தனம் பண்ணியவள் அம்சா. அவளுக்கு ஒரே ஒரு ஆசை: கேஸ் அடுப்பு. பெயரைப் பதிந்துவைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. முறை வரும்போது கேஸ் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். நின்று சமைக்கிற மேடையும் காற்று வர சன்னலும் இருந்தால்தான் கனெக்‌ஷன். அம்சாவின் அடுப்படியோ, பட்டப்பகலில் விளக்கு ஏற்றிக்கொண்டு நுழைகிற குகை. குந்திக்கொண்டு சவுக்கு விறகை ஊதி ஊதி, அவள் கண்கள் வருஷம் பூராவும் யாரோ செத்த வீட்டுக்குப் போய்வந்த மாதிரியே இருக்கும். வீட்டின் பின்பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளும் ஒரு செத்த சைக்கிளும் கிடக்கிற அறை ஒன்று இருந்தது.

"அந்த ரூம்புல ஒரு மேடை கட்டிக்கினா போதுங்க."

"முடியாது."

"ஏங்க?"

"நின்னுகினு சமைக்கிறதுக்கு இது இன்னா ஓட்டலா?"

இது அந்த வீட்டில் மாதம் தவறாமல் நடக்கிற பேச்சு. முடிவும் மாதம் தவறாமல் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்துச் சகலை கோதண்டபாணி வீட்டுக்கு ஒரு கல்யாண விசேஷத்துக்குப் போனார் சக்கரபாணி. அம்சாவின் தங்கை ஜெயத்தின் புருஷன் கோதண்டபாணி. மெட்ராஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய ஆசாமி. அவர் வீட்டு டிவி பெட்டி மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மூன்று பாய்மரம் வைத்த கப்பல். அவரே கையால் செய்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் மணமக்களைக்கூடப் பார்க்காமல் கப்பலைப் பார்த்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. யாரோ ஒரு அத்தை சக்கரபாணியின் தோளைத் தட்டி, "சித்த நவுந்து குந்து தம்பி, கப்பலு மறைக்குது" என்றாள்.

திண்டிவனத்தையே நகர்த்துகிற மனுஷனை நகரச் சொன்னால் எப்படி இருக்கும்? திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அவர் தீர்மானம் பண்ணிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பின்னாடி ரூம்பு இனிமே கப்பல் பட்டறை."

கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்த அம்சாவின் கையில் சல்லடை நின்றது. "இன்னா பட்டறை?"

"கப்பல் கட்டற பட்டறை. உன் தங்கச்சி வூட்டுக்காரன் கப்பல் அதுக்குப் பக்கத்துல நின்னா ஓட்டைத் தோணி மாதிரி தெரியணும்."

"அப்போ மேடை?"

"மேடைப் பேச்சே இனிமே கெடையாது. ரூம்புக்கு ஆளு வந்தாச்சு."

ஒரே கல்லில் சகலையையும் அடித்தோம், மேடையையும் அடித்தோம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்சா அவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள். சல்லடை மறுபடி ஆடியது.

"செஞ்சிக்குங்க. நான் இன்னா சொல்லப்போறேன்? ஆனா சன்னலு கின்னலுன்னு செவுத்த மட்டும் இடிக்கவேணாம். இருட்டே போதும்."

"இருட்டுல எப்படிடி கப்பல் கட்டறது? பாய்மரத்துக்கு நூல் கோக்கணும். கண்ணு போற வேலை."

"அதெல்லாம் வேணாங்க. பேஜாரு."

வேணாம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். மறுநாள் காலை கொத்தனார் பச்சைமுத்து கடப்பாரையோடு வாசலில் நின்றார். சாயங்காலம் அறையில் சன்னல் நின்றது. ஒரு சன்னல் அல்ல, எதிரெதிராக ரெண்டு. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது.

அடுத்தது வேலை செய்ய மேசை.

"பழைய மர மேசை ஒண்ணு கெடக்குது. தொடச்சிப் போட்டுக்குங்க. சிமெண்ட்டு, கல்லுன்னு போவவேணாம்."

"மர மேசை ஆடும். இழைப்புளி போடறப்ப ஆடினா கப்பல் கோணிக்கும். கடப்பாக்கல் போட்டு மேடைதான் கட்டணும்."

மேடைப் பேச்சே கிடையாது என்ற பிறகு மேடை என்று முதலில் சொன்னது யார்? அவர்தான். அம்சா அந்தச் சொல்லை அன்றிலிருந்து உச்சரிக்கவே இல்லை. நீங்களே சாட்சி.

சக்கரபாணி பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்றால் பனைமரம் கூச்சப்படும், அவ்வளவு உயரம். மேடையைத் தன் இடுப்புக்கு எழுப்பச் சொன்னார்.

"அதான் சரி," என்றாள் அம்சா. "என் இடுப்பு அளவுக்கு எறக்கிட்டா உளி மேலேர்ந்து அழுத்தமா எறங்கும். அப்புறம் கட்டைக்கு ஆவாது. வேணாம்."

"உளியைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? அழுத்தம் மேலேர்ந்து எறங்கினாத்தான் செதுக்கவே முடியும். ஏய், இங்க வந்து நில்லு. மேஸ்திரி, இவ இடுப்புக்குக் கோடு போடு."

அம்சா வந்து நின்றாள். முதுகை வளைக்காமல், நன்றாக நிமிர்ந்து. பச்சைமுத்து பென்சிலால் கோடு போட்டார்.

"எந்தப் பக்கத்துச் செவுத்துல சார்?"

"மேற்கயே போட்டுடுங்க மேஸ்திரி," என்றாள் அம்சா. "வேலை சுளுவு."

"மேற்க இன்னாடி இருக்குது? செஞ்சிக் கோட்டை. கோட்டை மேல ஏத்தவா கப்பல் கட்டறேன்? கப்பல் மூஞ்சி கடலைப் பாக்கணும். மரக்காணம் கிழக்க. பாண்டிச்சேரி தெற்க. ரெண்டுக்கும் நடுவுல, அந்தத் தென்கிழக்கு மூலையிலேர்ந்து ஆரம்பி. நான் நிக்கறது கிழக்கு பாத்து."

ஊரில் எந்த வீட்டில் அடுப்பு வைத்தாலும் அந்த மூலைதான், கிழக்கு பார்த்துதான். பச்சைமுத்து "அக்னி மூலை..." என்று வாயெடுத்தார். அம்சாவுக்கு ஒரு இருமல் வந்தது. பச்சைமுத்து சாந்து கலக்கப் போய்விட்டார்.

கப்பலை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டாமா? கிண்ணியில் விட்டுப் பாருங்கள், தொட்டி வேண்டாம் என்றாள். மேடையை ஒட்டி, குழாய் வைத்து, தண்ணீர் வெளியே போகத் தூம்பு வைத்துத் தொட்டி எழும்பியது. அதற்கு அவர் ஹார்பர் என்று பெயர் வைத்தார். மரத்தூள் கிடந்தால் கிடக்கட்டும் என்றாள். தூளைத் தள்ளிவிடக் கல்லில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை போட்டார். கட்டையைக் கீழே படுக்கப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். படுத்தால் கரையான் பிடிக்கும் என்று, குண்டுக் கட்டை ரெண்டு நிமிர்ந்து நிற்கிற மாதிரி மேடைக்கு அடியில் இடம் விட்டார்.

பட்டறை முடிந்தது. வெள்ளையும் அடித்தாயிற்று. அடடா, அந்தப் பெருமையை நான் எப்படிச் சொல்வது? தெருவில் போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். பஸ் லேட்டானால் பயணிகளையே கூட்டிவந்து காட்டினார். விழுப்புரம் போய், சகலை காதுக்கு எட்டுகிற மாதிரி சத்தமாகப் பேரம் பேசி உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் வாங்கிவந்தார். பிரம்மதேசத்திலிருந்து கல்யாண முருங்கைக் கட்டை பஸ் டாப்பில் ஏறி வந்து இறங்கியது. செதுக்கினார். பாய்க்கு வேட்டி கிழிந்தது. பாய்மரத்துக்கு விளக்குமாறு மெலிந்தது. கப்பல் ஒரு மாதிரி மல்லாட்டைத் தோல் வடிவத்துக்கு வந்திருந்த நேரத்தில், வாசலில் பையும் டேப்புமாக ஒருவர் வந்தார். கேஸ் கம்பெனி அப்பாதுரை.

"வணக்கம் சார். கிச்சன் பாக்கணும்."

"கிச்சனா? அது அந்தப் பக்கம், தலையை இடிச்சிக்காம..."

"இப்படி வாங்க சார்," என்று அம்சா அவரைப் பட்டறைக்குள் கூட்டிவந்தாள்.

அப்பாதுரை மேடையை அளந்தார். சன்னல்களைத் திறந்து மூடினார். ஹார்பரில் குழாயைத் திருகினார். மரத்தூள் ஓட்டையில் விரலை விட்டார். "டியூபுக்கு ஓட்டைகூட வுட்டிருக்கீங்களே." மேடைக்கு அடியில் குனிந்தார். "சிலிண்டர் ரெண்டும் அளவெடுத்த மாதிரி நிக்கும்."

சக்கரபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டையைப் பார்த்தார். கட்டை நிற்கிற இடத்தைப் பார்த்தார். அம்சாவைப் பார்த்தார். அவள் சன்னல் வழியாக மரக்காணம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது வந்து..."

"இருங்க சார். இதுக்கு ப்ளான் போட்டது யாரு, மெட்ராஸ் இன்ஜினீயரா? நான் எத்தனையோ வூடு ஏறி எறங்கறேன். மேடை இருந்தா சன்னல் இருக்காது, சன்னல் இருந்தா தொட்டி இருக்காது. இப்படி ஒரு சமையல்கட்டை இந்தத் தாலுகாவுல நான் பாத்ததில்ல."

ஒரு பக்கம் கப்பல். இன்னொரு பக்கம் தாலுகா. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

"நான்தான்," என்றார் சக்கரபாணி.

"நீங்களா சார்?"

"உயரங்கூட நம்ம கணக்குதான். சப்பாத்தி தேய்க்கறப்ப அழுத்தம் மேலேர்ந்து எறங்கணும் பாருங்க."

"கிழக்கு பாத்து, அக்னி மூலையில கரெக்டா வச்சிருக்கீங்க."

"இவ மேற்க வைக்கச் சொன்னா. நான் வுடுவேனா?"

"அது இன்னா சார் மேடை மேல, ஒரு கட்டை?"

சக்கரபாணி நகர்ந்து கப்பலுக்கு முன்னால் நின்று அதை மறைத்தார்.

"வெறகு சார்," என்றாள் அம்சா. "அடுப்பு வர்ற வரைக்கும் அதானே எரிக்கணும்."

கையெழுத்து ஆனது. அடுப்பு வந்தது. நீல நெருப்பில் பால் பொங்கியது. கப்பல் எங்கே போவது என்று கேட்டதற்கு, பழைய அடுப்படி காலியாகத்தானே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அங்கே நிமிர்ந்தால் தலையும் திரும்பினால் முழங்கையும் கரியாகும். கொஞ்ச நாளில் கப்பலையும் கட்டுகிறவரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் அவர் சோர்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? தெருவுக்குத் தெரு இப்போது சமையல்கட்டுக்காகக் கையைப் பிடித்து இழுத்தார். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் வந்த கோதண்டபாணியும் ஜெயமும் இங்கே எட்டிப்பார்த்தார்கள்.

"இன்னா சகல, கப்பலு எந்தக் கடல்ல நிக்குது?" என்று நக்கலாக உட்கார்ந்தார் கோதண்டபாணி. உட்கார்ந்து முடிப்பதற்குள் காபி வந்துவிட்டது. உள்ளே போன ஜெயம் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவள் புருஷன் முன்னால் நின்றாள்.

"கண்ணாடிப் பொட்டியில கப்பலு ஒய்யாரமா நிக்குது. நான் கீழ குந்திக்கினு ஊதிக்கினு கெடக்கறேன். மாமா அக்காவுக்கு இன்னா மாதிரி கட்டித் தந்துருக்காரு, போய்ப் பாருங்க."

கோதண்டபாணி காபி டம்ளருக்குள் முகத்தை ஒளித்தார். சக்கரபாணியின் மார்பு விரிந்த விரிப்பில் சட்டைப் பொத்தான் தெறித்து அந்த டம்ளரிலேயே விழுந்தது. சத்தியம்.

"எங்க வூட்டுக்கும் நீங்கதான் வந்து பண்ணித் தரணும் மாமா."

"அதுக்கின்னா ஜெயம், வர்ற ஞாயித்துக்கிழமையே வர்றேன்," என்றார் சக்கரபாணி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கஞ்சி போட்ட சட்டை, காதில் பென்சில், பையில் டேப். பஸ்ஸில் யாரும் கேட்காமலே, "இன்ஜினீயரிங் வேலையா விழுப்புரம் போறேன்" என்று பக்கத்து சீட்டுக்குச் சொன்னார், பின் சீட்டுக்குச் சொன்னார், டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்கும் சொன்னார். கோதண்டபாணி வீட்டுப் பின்பக்கம் பச்சைமுத்து ஏற்கனவே வந்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்குய்யா எனக்கு? நான் ப்ளான் சொல்ல வந்தவன்."

"ப்ளான் எல்லாம் அம்சாம்மா நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க சார். சாந்து கலக்க சித்தாளுதான் கெடைக்கல. காலையில ஒரு ஆள அனுப்பறேன்னாங்க."

அவ்வளவுதான் கதை. இதை நீங்கள் யாருக்கும் சொல்லாமல் இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். சொல்லுங்கள். ஆனால் சொன்னது யார் என்று கேட்டால், ஏதோ பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள், தலையில் துண்டு போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.