வெளிக்கோளத்துக்கு எத்தனை?

"டீச்சர், வெளிக்கோளத்துக்கு நம்பர் விட்டுப்போச்சு!"

திருச்சுழி ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ இயற்பியல் திருப்புதல் தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆபீஸ் கிளார்க் மாரிச்செல்வத்தை முதல் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார், அங்கே மேற்பார்வையில் இருந்த முருகலட்சுமி டீச்சர். வினாத்தாளை டைப் அடித்தவன் அவன்தான்.

கேள்வியைப் பார்த்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் கோளங்கள். உள்ளே இருப்பதன் ஆரம் பத்து சென்டிமீட்டர், வெளியே இருப்பதற்கு இருபது. உட்கோளத்தின் மின்னூட்டம் இரண்டு நானோகூலூம். வெளிக்கோளத்துக்கு வெறும் 'க்யூ'. இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு என்ன?

மாரிச்செல்வம் படித்தது வணிகவியல். நானோகூலூம் கறுப்பா சிவப்பா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் ஒரு எண்ணை முழுங்கிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. மூன்று வருடத் தற்காலிக வேலைக்கு நிரந்தர உத்தரவு, தலைமையாசிரியர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிற நேரம் வேறு.

கேள்வி எழுதித் தந்த நர்கிஸ் டீச்சர் வீரசோழனில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார். பத்துத் தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதியையோ, ரகசியம் என்று அவனே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டிருந்தான்.

"என்ன தம்பி, பிள்ளைக முழிக்குதுக?" என்றார் முருகலட்சுமி டீச்சர்.

"மூணு டீச்சர். மூணுன்னு போட்டுக்கச் சொல்லுங்க" என்றான், நேரில் எண்ணிப் பார்த்தவன் போல.

சொன்னபிறகுதான் கிழித்த தாள் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். ஒரு துண்டில் 'எட்டு' என்ற எண் பளிச்சென்று இருந்தது. முதல் அறைக்குப் போய் மாற்றிச் சொன்னால் முருகலட்சுமி டீச்சர் உரித்துவிடுவார். நேரே இரண்டாம் அறைக்குப் போய், "எட்டுன்னு போட்டுக்கங்கப்பா" என்றான்.

வராந்தாவுக்கு வந்து துண்டை மறுபடி பார்த்தால், எட்டுக்குப் பக்கத்தில் 'மதிப்பெண்' என்ற சொல்லில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் அறையில் அவன் வாய் திறப்பதற்காக முப்பது பிள்ளைகள் காத்திருந்தன. மூணா, எட்டா? யாருக்கும் பாதகமில்லாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றான்.

"அஞ்சரை."

மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி, பூ வைத்த தலையோடு நர்கிஸ் டீச்சர் உள்ளே வந்தார். வந்ததும் விடைத்தாள் கட்டுகளைப் பிரித்துப் புரட்டினார். மாரிச்செல்வம் பீரோ ஓரமாக நின்று எட்டிப் பார்த்தான். முதல் அறையில் விடை தொண்ணூறு வோல்ட். இரண்டாம் அறையிலும் தொண்ணூறு. மூன்றாம் அறையிலும் அதே தொண்ணூறு!

"டீச்சர், காப்பி!" என்று கத்திவிட்டான். "மூணு ரூமும் சேந்து காப்பி அடிச்சிருக்காக!"

"ஏலேய், என் ரூம்லயா?" முருகலட்சுமி டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஈ, எறும்பு திரும்ப விட்டிருப்பேனா நான்? வா, தலைமையாசிரியர்ட்டயே போயிருவோம்."

கையைப் பிடித்து இழுக்காத குறை. இனி மறைக்க முடியாது. நம்பரை விட்டதையும், மூணு, எட்டு, அஞ்சரை சொன்னதையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டான். "வெவ்வேற நம்பர் கொடுத்தும் ஒரே விடைன்னா, காப்பி இல்லாம எப்படி டீச்சர்?"

மீதிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுக்க வந்து வாசலில் நின்ற பிளஸ் டூ மாணவி சத்யபிரியா, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

"காப்பியெல்லாம் இல்ல சார். வெளிக்கோளத்துல எம்புட்டு மின்னூட்டம் ஏத்துனாலும் ரெண்டு கோளத்தோட மின்னழுத்தமும் ஒண்ணுபோலத்தான் ஏறும். வித்தியாசம் மாறாது. உள்ள இருக்கிற ரெண்டு நானோகூலூம் மட்டுந்தான் கணக்குல வரும்."

"நெசமாவா?"

"நீங்க ஆயிரம்னு சொல்லியிருந்தாலும் தொண்ணூறுதான் சார்."

மாரிச்செல்வம் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். முருகலட்சுமி டீச்சரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றான் நர்கிஸ் டீச்சரைப் பார்த்து. "அடுத்த தடவை ஒரு நம்பரையும் விடாம டைப் அடிக்கிறேன்."

நர்கிஸ் டீச்சர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க எங்க மாரிச்செல்வம் விட்டீக? பிள்ளைகளுக்கு இது தெரியுதா பாப்போம்னு, அந்த இடத்துல வெறும் க்யூ எழுதிக் கொடுத்ததே நான்தானே!"